பிக்கப்பில் நிரந்தரமாக மாட்ட எந்த ஏர் கம்ப்ரசர்? டேங்க் அவசியமா?

மணல்தடம்:
வணக்கம். டபுள் கேப் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். டயர் 265/70 ஆர்17. மணலில் இறங்கும் முன் 18 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்றை இறக்குவேன், தார் ரோட்டுக்கு வந்ததும் 35க்கு ஏற்ற வேண்டும். இப்போது இருப்பது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன பம்ப். இரண்டாவது டயரிலேயே கொதித்துப்போய் தானாக நின்றுவிடுகிறது. ஆறவிட்டு மறுபடி ஓட்டி, நாலு டயரும் முடிவதற்குள் பொழுது போய்விடுகிறது.

அதனால் வண்டியிலேயே ஒன்றை மாட்டிவிடலாம் என்று பார்க்கிறேன். ஒன்றில் 150 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 200. இதில் எது நல்லது? காற்றைச் சேர்த்து வைக்கும் 10 லிட்டர் டேங்க் வைத்தால் சட்டென்று ஏறிவிடும் என்கிறார் ஒரு நண்பர். உண்மையா? பின்னால் பெட்டில் (லோடு ஏற்றும் தளத்தில்) வைப்பதா, பானெட்டுக்குள்ளா என்பதும் குழப்பம்.

காற்றுக்கணக்கு:
அந்த 150, 200 இரண்டையும் மறந்துவிடுங்கள். உங்கள் டயருக்கு வேண்டியது 35தான். கேட்க வேண்டியது, டயருக்குள் 30 பிஎஸ்ஐ எதிர்ப்பு இருக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்று. பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாமல், ஹோஸைத் திறந்துவிட்டு அளந்த கணக்கு. உள்ளே தரும் அட்டவணையில் அழுத்தம் ஏற ஏற அந்த எண் சரிவதைப் பார்க்கலாம். அட்டவணையே இல்லாத சரக்கை நான் தொடமாட்டேன்.

உங்கள் டயருக்குள் ஏறக்குறைய 70 லிட்டர் இடம். 18லிருந்து 35க்கு ஏற்ற, வெளிக்காற்று 80 லிட்டர் உள்ளே போக வேண்டும். நாலுக்கும் 320. நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளினால் 11 நிமிடம், 60 தள்ளினால் ஐந்தரை. டயர் மாறிச் செருகும் நேரம் தனி. சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால் 28ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், லிட்டர் வந்துவிடும்.

மணல்தடம்:
கணக்கு புரிந்தது சார். அப்போ டேங்க்?

காற்றுக்கணக்கு:
10 லிட்டர் டேங்கை 145 பிஎஸ்ஐக்கு நிரப்பி, 35 வரை இறக்கினால் கிடைப்பது சுமார் 75 லிட்டர். அதாவது ஒரு டயருக்கும் கொஞ்சம் குறைவு. மற்ற மூன்றுக்கும் கம்ப்ரசர்தான் உழைக்க வேண்டும். வண்டி ஓடும்போதே டேங்க் நிரம்பியிருந்தால் முதல் டயர் மளமளவென்று ஏறும், அவ்வளவுதான் லாபம். ஏர் ஹாரன், காற்றில் ஓடும் ஸ்பானர் என்று திட்டம் இருந்தால் டேங்க் வையுங்கள். டயருக்கு மட்டும் என்றால் அந்தக் காசைப் பெரிய கம்ப்ரசரில் போடுங்கள்.

பழையபெல்ட்:
இதெல்லாம் எதற்கு? இன்ஜினில் பெல்ட் போட்டு ஏசி கம்ப்ரசரையே காற்றுக்கு மாற்றிவிடலாமே. எந்த 12 வோல்ட் மோட்டாரும் கிட்ட வர முடியாது.

காற்றுக்கணக்கு:
வேகத்தில் நீங்கள் சொல்வது சரிதான் அண்ணே. ஆனால் இப்போதைய ஏசி கம்ப்ரசர் பலவற்றுக்குத் தனி ஆயில் தொட்டி கிடையாது, கேஸோடு சுற்றிவரும் ஆயிலை நம்பித்தான் ஓடும். வெறும் காற்றை இழுக்கவிட்டால் சீக்கிரம் இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும். வெளியிலிருந்து ஆயில் கொடுத்தால் அது காற்றோடு டயருக்குள் போகும், அதைப் பிரிக்கத் தனி ஃபில்டர். பிராக்கெட், பெல்ட் நீளம் எல்லாம் பார்த்துச் செய்யத் தெரிந்தவருக்கு அருமையான வேலை. இவருக்குத் தேவையில்லை.

ஒயர்க்காரன்:
கம்ப்ரசர் எதுவானாலும் ஒயரில் கோட்டைவிடாதீர்கள். பெரிய இரட்டை சிலிண்டர் மோட்டார் 50 ஆம்ப்ஸ் இழுக்கும். பேட்டரியிலிருந்து பெட் வரை 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 6 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டால் வழியிலேயே 1.4 வோல்ட் காணாமல் போகும். மோட்டார் திணறும், சூடாகும், பழி கம்ப்ரசர் மேல் விழும். 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் அரை வோல்ட்தான் இறங்கும்.

ஃபியூஸ் பேட்டரி பக்கத்திலேயே இருக்க வேண்டும், கம்ப்ரசர் பக்கத்தில் அல்ல. நடுவில் ஒயர் உராய்ந்து பாடியில் பட்டால் காப்பாற்றுவது அதுதான். ஸ்விட்ச், ரிலேயை (பெரிய கரண்டைத் திறந்து மூடும் தனி ஸ்விட்ச்) மட்டும் இயக்கட்டும், முழு கரண்டும் ஸ்விட்ச் வழியாகப் போகக் கூடாது. காற்று ஏற்றும்போது இன்ஜின் ஓடட்டும்.

மணல்தடம்:
அப்படியானால் பானெட்டுக்குள் வைத்தால் ஒயர் குறையுமே?

ஒயர்க்காரன்:
குறையும். ஆனால் அங்கே ஏற்கெனவே சூடு, அதிலும் டீசல். எக்ஸாஸ்ட், டர்போ பக்கம் இல்லாமல் பேட்டரி அருகே இடம் கிடைத்தால் நான் அங்கேதான் வைப்பேன். இடமில்லை என்றால் பின் சீட்டுக்கு அடியில், சத்தம் பொறுத்துக்கொள்ள முடிந்தால். பெட்டுக்குக் கீழே சேசிஸில் மாட்டினால் சேறும் தூசியும் தின்றுவிடும். வேறு வழியில்லாமல் அங்கே வைத்தால், காற்று இழுக்கும் ஃபில்டரையாவது தனிக் குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோங்கள்.

தூசிக்காற்று:
டூட்டி சைக்கிளை, அதாவது மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் ஓடலாம் என்பதை, யாரும் சொல்லவில்லையே! இவர் பம்ப் பாதியில் நிற்பதே அதனால்தான். 33 சதவீதம் என்றால் 10 நிமிடம் ஓடி 20 நிமிடம் ஆற வேண்டும். எந்த அழுத்தத்தில் அந்த சதவீதம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏஆர்பி நிறுவனத்தின் இரட்டை மோட்டார் மாடல் மாதிரி 100 சதவீதம் போட்டவையும் உண்டு, விலையும் அதற்கேற்ப.

இன்னொன்று, கம்ப்ரசரிலிருந்து வெளியே வரும் காற்று கையைச் சுடும். முதல் துண்டு ஹோஸ், ஸ்டீல் வலை பின்னியதாக இருக்கட்டும். சாதா பிளாஸ்டிக் ஹோஸை நேராகச் செருகினால் இளகிப் பிய்த்துக்கொள்ளும்.

மணல்தடம்:
எல்லோருக்கும் நன்றி. டேங்க் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். 30 பிஎஸ்ஐயில் 60 லிட்டருக்கு மேல் தள்ளும், 100 சதவீத டூட்டி உள்ள இரட்டை சிலிண்டர் ஒன்று. பேட்டரி ஓரம் அளந்து பார்த்தேன், இடிக்காமல் உட்காரும்போலத் தெரிகிறது. பம்பரில் ஒரு கப்ளர் (ஹோஸைச் செருகும் முனை) வெளியே எடுக்கலாமா?

தூசிக்காற்று:
எடுக்கலாம், மூடி போட்ட கப்ளராகப் பாருங்கள். பின் டயர் வரை எட்டும் ஹோஸ் வாங்குங்கள். பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் அவிழ்த்து டெஃப்லான் டேப் சுற்றி மறுபடி முறுக்குங்கள். பின்னால் லோடு ஏற்றும் நாளில் 35 போதாது, கதவு ஓரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் டயருக்கு எவ்வளவு என்று இருக்கும்.