‘சொந்த ஊர் எது?’ என்று கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

ஒண்டிக்கடைக் கணக்கன்:
சென்ற தை மாதம். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் காபிப் பழம் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பறிப்புக்கு இப்போது பாதிப் பேர் ஜார்க்கண்ட்காரர்கள். ஒரு பெண்ணின் சாக்கில் பச்சைக் காயாகக் கிடந்தது. எரிச்சலில், “எங்கிருந்தோ பிழைக்க வந்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற இலங்கை அகதிப் பாட்டிக்குப் புரிந்தது. “இதையே எங்கள் அப்பாவிடம் சிங்களத்தில் சொன்னார்கள், கணக்குப்பிள்ளை. இங்கே வந்த பிறகு தமிழில் சொன்னார்கள்” என்றார். குரலை உயர்த்தவில்லை. தன் சாக்கைத் தராசில் ஏற்றினார். 18 கிலோ. நான் 81 என்று எழுதி அடித்தேன். அந்த அடித்தல் இன்னும் நோட்டில் இருக்கிறது.

அரிசிபாளையத்தான்:
முதலில் ஒரு திருத்தம். அந்தப் பாட்டி அகதியாக இருக்க மாட்டார். அகதிகள் 1983 கலவரத்தை ஒட்டி வரத் தொடங்கியவர்கள். எஸ்டேட் வேலை தெரிந்தவர் என்பதால் இவர் ‘தாயகம் திரும்பியவர்’ என்றே நினைக்கிறேன். ஆள் சேர்க்கும் கங்காணிமார் நம் பக்கத்து ஊர்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துப்போன கூட்டத்தின் வாரிசு. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதி. அண்டா குண்டானைப் பாகம் பிரிப்பதற்குக்கூட வீட்டில் நாலு பேரைக் கேட்பார்கள். நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியதே இப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: பாட்டியிடம் பழைய கடவுச்சீட்டு இருந்தால் நகலெடுத்து வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பழைய தாள் கெட்டுவிடும். பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

என் அனுபவமா? பஸ்ஸில் சௌராஷ்டிரம் பேசிய தம்பதியரிடம் “எந்த மாநிலம்?” என்று கேட்டேன். “சேலம் பொன்னம்மாபேட்டை” என்றார்கள்.

நாகலூரான்:
அரிசிபாளையத்தாரே, பங்குக் கணக்கில் எங்களை விட்டுவிட்டீர்கள். நான் மலையாளி. கேரளம் இல்லை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் பழங்குடி. தாய்மொழி தமிழ். சென்னையில் விடுதியில் சேர்ந்த வருடம், ஓணத்தன்று காப்பாளர் என்னைத் தனியாக அழைத்து ஒரு கிண்ணம் பாயசம் நீட்டினார். விளக்கம் சொல்ல வாய் திறந்தேன், நல்ல பசி, குடித்துவிட்டேன். மூன்று வருடமும் கொடுத்தார், மூன்று வருடமும் குடித்தேன்.

காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி, பெரியண்ணன் சேர்வராயனுக்கும் நடுவண்ணன் பச்சைமலைக்கும் சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது எங்கள் பெரியவர்கள் சொல்லும் கதை. ஆக, நாங்களும் வந்தேறிகளே. என்ன, கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காபிச் செடிக்கு மூத்தவர்கள்.

ஓமலூர் ரோடு:
இதை யாரிடமும் சொன்னதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் அம்மையார் என் வாடகைக் காரில் ஏறினார். கையில் கப்பல் பதிவேட்டின் நகல். 1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேர் போனார்கள் அல்லவா, அதில் ஒருவர் அவருடைய கொள்ளுத்தாத்தா. எண், தகப்பன் பெயர், வயது, உயரம், ‘இடது கணுக்காலில் தழும்பு’, ஜில்லா சேலம். எல்லாம் தெளிவு. ஊர்ப்பெயரை மட்டும் எழுத்தர் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஓமலூர் தாலுகாவில் மூன்று ஊர்கள் அந்த ஒலிக்குப் பொருந்தின. ரோடு நன்றாக இருந்த ஊருக்கு ஓட்டினேன். “இதுதான்” என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திண்ணையில் இருந்த பெரியவர், “தாது வருஷப் பஞ்சத்தில் போனவர்களா, சாமி?” என்று கேட்டார். 1876 பஞ்சத்தைச் சொல்கிறார். தாளில் இருந்த வருடம் 1890. அம்மையார் “தாது என்பது யார்?” என்று என்னிடம் கேட்டார். நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். வேறு ஊராகவும் இருக்கலாம் என்று சொல்ல அப்போதுகூட நேரம் இருந்தது.

அரிசிபாளையத்தான்:
மண்ணை அனுமதியில்லாமல் விமானத்தில் கொண்டுபோக முடியாது. அந்த நாட்டுத் தாவர நோய்த் தடுப்பு விதிகளைப் பார்த்து, முன்கூட்டியே விண்ணப்பித்து, சான்றிதழ் பெற்று

ஓமலூர் ரோடு:
திருநீற்று டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விட்டார் ஐயா. வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

ஒண்டிக்கடைக் கணக்கன்:
மற்ற இரண்டு ஊர்களுக்கும் போய்ப் பார்த்தீர்களா?

ஓமலூர் ரோடு:
ஒன்றுக்குப் போனேன். இன்னொன்றுக்கு இப்போது தார் ரோடு போட்டிருக்கிறார்கள்.