வளவு குழுவில் நாட்டுச் சர்க்கரைப் பஞ்சாயத்து

காலை 6:50

ஈரோட்டு அண்ணன்: (பலமுறை பகிரப்பட்டது) வெள்ளைச் சர்க்கரை விஷம்! நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றையும் சுகர் உள்ளவர்கள் பயமில்லாமல் சாப்பிடலாம்!! 10 பேருக்கு அனுப்புங்கள் 🙏

கோபி அத்தை: இதை நம்பித்தான் கண்ணு, அஸ்காவை (வெள்ளைச் சர்க்கரையை) விட்டுவிட்டு மூன்று மாதமாக கவுந்தப்பாடி அண்ணன் ஆலை நாட்டுச் சர்க்கரையைக் காபியில் போட்டுக் குடிக்கிறேன். நேற்றுப் பார்த்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 271. போன தடவை 210தான்.

கவுந்தப்பாடி பெரியப்பா: ஏன் அம்மணி, என் சரக்கு மேலா பழி? பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் போகிறது.

நான்: சரக்கில் குற்றமில்லைங்க பெரியப்பா. அத்தை, ஒரு நாளைக்கு எத்தனை காபிங்க?

கோபி அத்தை: நாலு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன். அஸ்கா என்றால் ஒன்றுதான் போடுவேன். இது நல்லதுதானே என்று…

திருப்பூர் சித்தி: ஸ்பூனா அது! கோபுரம் மாதிரி குவித்து, கட்டை விரலால் ஒரு அழுத்தும் அழுத்துவாங்க 😂

நான்: தலை தட்டி ஒரு ஸ்பூன் 5 கிராம் என்று வைத்தாலே 40 கிராம் ஆகிறதுங்க அத்தை. சுகர் இல்லாதவர்களுக்கே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. தேனும் அந்தக் கணக்கில்தான் வரும்.

கவுந்தப்பாடி பெரியப்பா: அப்போ அஸ்காவும் இதுவும் ஒன்றா? நிறத்தை வெளுக்க வைக்கும் ஹைட்ரோஸ் மருந்தைக் கூட நான் போடுவதில்லை. அதனால்தான் கறுப்பாக இருக்கிறது.

நான்: அது நல்ல விஷயம், அதற்காகத்தான் நாங்களும் உங்களிடம் வாங்குகிறோம். ஆனால் நிறம் வேறு, இனிப்பு வேறுங்க. இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். அது குடலில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் என்று உடையும். குளுக்கோஸ் நேரே ரத்தத்துக்கு. வெல்லத்தில் கொஞ்சம் ஏற்கெனவே உடைந்தே இருக்கும். தேனில் பெரும்பகுதி அப்படித்தான். கருப்பட்டி பனையில் வந்தாலும் சுக்ரோஸ் சுக்ரோஸ்தான். இரும்புச்சத்து இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஒரு ஸ்பூனில் எவ்வளவு வந்துவிடும்?

கவுந்தப்பாடி பெரியப்பா: அதுவும் சரிதான். பதம் வந்த பாகை அச்சில் ஊற்றினால் வெல்லம், ஆறவிட்டுத் தேய்த்தால் சர்க்கரை. நடுவில் இனிப்பை எங்கே எடுக்கிறேன்?

ஈரோட்டு அண்ணன்: அப்போ அந்த ஃபிரக்டோஸ் மட்டும் சாப்பிட்டால்?

நான்: ரத்த சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் குளுக்கோஸை 100 என்று வைத்தால், அஸ்கா 65 பக்கம், ஃபிரக்டோஸ் 25க்கும் கீழே. மீட்டரில் அழகாகத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போகிறது. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கொழுப்பு ஏறும், கல்லீரலிலும் படியும். முழுப் பழம் சாப்பிடுவது வேறு கதை, நாரோடு மெதுவாக இறங்கும். பவுடராக வாங்கிப் போட வேண்டாம் அண்ணா.

திருப்பூர் சித்தி: 'சர்க்கரை சேர்க்காதது' என்று ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்திருக்கிறேனே?

நான்: பின்பக்கம் மால்டோடெக்ஸ்டிரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பவுடர்) என்று இருக்கிறதா பாருங்க சித்தி. அது ஏறக்குறைய குளுக்கோஸ் வேகத்தில் ஏற்றும். அதில்லாவிட்டாலும் மைதா இருக்கிறது.

திருப்பூர் சித்தி: இருக்கிறது 😐 பாதிப் பாக்கெட் காலி.

கோபி அத்தை: அப்போ வீட்டில் எந்தச் சர்க்கரையும் வேண்டாமா? போன மாதம் வேர்த்து, கை நடுங்கி, 62க்கு இறங்கியபோது கருப்பட்டி மிட்டாய்தான் வாயில் போட்டேன்.

நான்: அது முக்கியம் அத்தை. நீங்கள் சாப்பாட்டோடு போடும் மாத்திரை வோக்லிபோஸ்தானே? அது சுக்ரோஸ் உடைவதைத் தாமதப்படுத்தும். அதனால் லோ ஆகும்போது வெல்லமோ மிட்டாயோ சீக்கிரம் கை கொடுக்காது. குளுக்கோஸ் பவுடர் 15 கிராம் தண்ணீரில் கலக்கிக் குடிங்க, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்க. 70க்கு மேல் வராவிட்டால் இன்னொரு தடவை. அப்புறம் அந்த 62ஐ டாக்டரிடம் சொன்னீங்களா?

கோபி அத்தை: இல்லை கண்ணு.

நான்: நாளைக்கே 271ஐயும் 62ஐயும் சேர்த்துச் சொல்லுங்க. நீங்களாக மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

ஈரோட்டு அண்ணன்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கோபி அத்தை: சரி சாமி. அண்ணா, அமாவாசைக்கு வரும்போது அஞ்சு கிலோ வேண்டாம். அரைக் கிலோ போதும், விருந்தாளிக்கு.

கவுந்தப்பாடி பெரியப்பா: அரைக் கிலோவுக்கு யார் மூட்டை பிரிப்பது? கால் கிலோ பொட்டலம் ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டு வருகிறேன்.