சக டியூட்டரின் அமர்வில் உட்கார்ந்தால் எதைப் பார்ப்பது?

பதிவு 1

மாணவரோடு தனியாக உட்கார்ந்து அவர் கட்டுரையைச் சீராக்க உதவும் டியூட்டராக, எழுத்துப் பயிற்சி கொடுக்கப் புதிதாக வருபவரிடம் முதலில் சொல்வது, "ரெண்டு மூணு பேர் எப்படிப் பண்றாங்கன்னு போய்ப் பாருங்க" என்பதுதான். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் டியூட்டர் பேசிய நல்ல வரிகளை நோட்டில் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த மாணவருக்கு, அந்தப் பத்திக்கு எடுபட்ட வரி அது. மறுநாள் வேறொருவரிடம் சொன்னால் ஒட்டாது.

முதலில் பேனாவைக் கவனியுங்கள். யார் கையில் இருக்கிறது, எப்போது கை மாறுகிறது, மாறுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது? கணினி என்றால் கீபோர்டு. பேனா டியூட்டரிடம் போய்ப் பத்து நிமிடமாகத் திரும்பவில்லை என்றால், மாணவர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

குறிப்பெடுக்கும் தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் நேரமும், கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். "மாணவருக்கு ஆர்வமில்லை" என்று அங்கே எழுதக்கூடாது; "10.20: மூன்று கேள்விக்கும் ஒரே சொல்லில் பதில்" என்று எழுத வேண்டும். உங்கள் ஊகத்தை அமர்வு முடிந்தபின் வலப்பக்கம் எழுதி, பிறகு அந்த டியூட்டரிடம் கேளுங்கள். "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்றால் குறை சொல்வதுபோல் இருக்கும். "10.20க்கு அடுத்த பத்திக்குத் தாவினீர்களே, அப்போது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டால் விஷயம் வரும். கட்டுரையை நாளைக்கே கொடுக்க வேண்டும், அதனால் முடிவுரைக்கு நேரம் ஒதுக்கினேன் என்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

பதிவு 2

ஒன்று சேர்க்கிறேன். மாணவரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், "பயிற்சிக்காக வந்திருக்கிறார், உங்கள் கட்டுரையை மதிப்பிட வரவில்லை" என்ற விளக்கத்தோடு. உட்காரும் இடம் மாணவரின் நேர்ப்பார்வையில் படாமல், சற்றுப் பின்னால், பக்கவாட்டில் இருக்கட்டும். தலையாட்டாதீர்கள். நீங்கள் தலையாட்டினால் மாணவர் ஒவ்வொரு பதிலுக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அமர்வு மூன்று பேர் உரையாடலாகிவிடும்.

பதிவு 3

ஒரே நாளில் இரண்டு பேரின் அமர்வைப் பார்க்க முடிந்தால், வரைவை யார் வாய்விட்டு வாசிக்கிறார்கள் என்பதை ஒப்பிடுங்கள். பலர் மாணவரையே வாசிக்கச் சொல்வார்கள். தடுமாறும் இடத்தை அவரே கண்டுகொள்வார் என்பது கணக்கு. ஆனால் எழுதியவர் தாளில் இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதை வாசித்துவிடுவார்; விடுபட்ட சொல்லைக் குரல் தானாக நிரப்பிவிடும். டியூட்டர் வாசித்தால் தாளில் இருப்பது அப்படியே கேட்கும், அந்தத் தடுமாற்றம் எழுதியவர் காதில் விழும். கூச்சப்படுபவருக்கும், தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவருக்கும் இந்த இரண்டாவது வழியே பெரும்பாலும் நல்லது. நல்ல டியூட்டர்கள் இதை மாணவரிடமே கேட்டு முடிவு செய்வார்கள்.

45 நிமிட அமர்வென்றால் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்விகள்: எழுதச் சொன்னது என்ன, எப்போது கொடுக்க வேண்டும், எந்த இடம் உங்களுக்கே உறுத்துகிறது? மூன்றாவதை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினால், கண்ணில் முதலில் படும் சந்திப்பிழையில் போய் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் அங்கிருந்து வெளியே வர முடியாது.

பதிவு 4

பேனா விஷயத்தில் எனக்கு உடன்பாடு பாதிதான். மாணவருக்குப் பக்கத்தில் உட்கார், பேனாவைத் தொடாதே, அவரையே வாசிக்கச் சொல் என்பதெல்லாம் 1991இல் ஜெஃப் புரூக்ஸ் என்பவர் எழுத்து டியூட்டர்களுக்காக எழுதிய கட்டுரையால் பரவலான முறை. 1995இலேயே லிண்டா ஷமூன், டெபோரா பர்ன்ஸ் இருவரும் அதை மறுத்து எழுதினார்கள்: நேரடியாகச் சொல்லிக்கொடுப்பதற்கும் இடமுண்டு என்று. புதியவர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, விடை தெரிந்தும் சொல்லாமல் "நீங்களே யோசித்துப் பாருங்கள்" என்று விடுகதை போடுகிறார்கள். மாணவர் ஒவ்வொன்றாக ஊகித்துச் சொல்லி, கடைசியில் எரிச்சலோடு எழுந்து போகிறார்.

அனுபவமுள்ளவர்கள் எதைக் கேட்கிறார்கள், எதைச் சொல்லிவிடுகிறார்கள் என்று பிரித்துப் பாருங்கள். எழுதியவருக்கு மட்டுமே தெரிந்ததைக் கேட்பார்கள்: இந்தப் பத்தியில் சொல்ல வந்தது என்ன, இந்தச் சான்றை ஏன் எடுத்தீர்கள்? மேற்கோள் காட்டும் முறை, வல்லினம் மிகும் இடம், ஆய்வறிக்கையில் எந்தப் பகுதி முதலில் வர வேண்டும் என்பதெல்லாம் விதி. அதைச் சொல்லிவிடுவார்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் இரண்டு இடத்தில் காட்டி விளக்கிவிட்டு, மூன்றாவதை மாணவர் தேட, பேனாவைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

பதிவு 5

அமர்வைப் பார்க்க வாய்ப்பே இல்லாதவர்களுக்கு: மாணவரின் ஒப்புதலோடு பெயர் நீக்கிய வரைவு ஒன்றை எடுத்து, நீங்களும் ஒரு மூத்த டியூட்டரும் தனித்தனியாக 15 நிமிடம் படியுங்கள். ஆளுக்கு மூன்றே மூன்று விஷயங்கள், முக்கியமானது முதலில். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். புதியவர் பட்டியலில் பெரும்பாலும் வாக்கியங்கள் இருக்கும். மற்றவர் பட்டியலில் "கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை", "இரண்டாம் பத்தியும் நான்காம் பத்தியும் ஒன்றையே சொல்கின்றன" என்றிருக்கும். மூன்று என்ற வரம்பைத் தளர்த்த வேண்டாம். பத்துக் குறிப்பு எழுத விட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் எழுதிவிடுவார்கள், எது முக்கியம் என்ற வேறுபாடே தெரியாது.

பதிவு 6

மௌனத்தையும் அளந்து பாருங்கள். வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு விநாடி அளவே காத்திருப்பதையும், மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளுவதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் ஆய்ந்து எழுதினார். ஒருவரோடு ஒருவர் பேசும் அமர்விலும் இதே அவசரம்தான். அனுமதியோடு உங்கள் அமர்வை ஒலிப்பதிவு செய்து, நடுவிலிருந்து பத்து நிமிடத்தை மட்டும் எழுத்தாக்குங்கள். கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையே எத்தனை விநாடி, இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டது எத்தனை முறை என்று ஓரத்தில் குறித்துவிட்டு ஒரு சக டியூட்டரிடம் கொடுங்கள். முழு ஒலிப்பதிவையும் கொடுத்தால் யாருக்கும் கேட்க நேரமிருக்காது; பத்து நிமிடத் தாளென்றால் அன்றே படித்துவிடுவார்கள்.