எஸ்தர் ஆச்சி வீட்டுக் குரூப்: விபிஎஸ்க்கு ஐடியா வேணும்

சனிக்கிழமை, இரவு 8:12

ஜெபா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு அவசரம். யாராச்சும் இருக்கீங்களா

ஜெபா: திங்கக்கிழமை நம்ம சர்ச் கோயில்ல விபிஎஸ், அதான் லீவு பைபிள் ஸ்கூல், ஆரம்பிக்குது. ஷீலா டீச்சர் மக பிரசவத்துக்கு பெங்களூர் போயிட்டாங்க. பாஸ்டர் ஐயர் போன ஞாயித்துக்கிழமை அறிவிப்புல என் பேர வாசிச்சிட்டாரு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான்தான் டைரக்டராம். 60 பிள்ளைங்க வரும், 4 வயசுல இருந்து 14 வரைக்கும். டீச்சர்ஸ் நாலே பேரு. ராத்திரி தூக்கமே வரல

சாம் சித்தப்பா: வாழ்த்துக்கள் டைரக்டர் மேடம் 👏

டேனி: செத்தா

அம்மா: டேனி!!

டேனி: சரி. ஜெபாக்கா செத்தாங்க

ஜெபா: பிளான் போட்டிருக்கேன், பாத்து சொல்லுங்க. 9.00 டு 9.07 ஜெபம். 9.07 டு 9.22 ஆக்ஷன் சாங். 9.22 டு 9.25 உக்கார வைக்கிறது. 9.25 டு 9.45 பாடம். 9.45 டு 9.58 மனப்பாட வசனம். 9.58 டு 10.20 கிராஃப்ட்

பியூலா அக்கா: 60 பிள்ளைங்கள 3 நிமிஷத்துல உக்கார வைக்கப் போறியா

சாம் சித்தப்பா: திருச்செந்தூர் பாசஞ்சர் டைம்டேபிள் மாதிரி இருக்கு. அதுவே லேட்டாத்தான் வரும்

ராணி சித்தி: முதலூர் மஸ்கோத் அல்வா யாருக்கெல்லாம் வேணும், நாளைக்கு இவங்க அந்தப் பக்கம் போறாங்க. கிலோ கணக்குல சொல்லுங்க

அம்மா: 1 கிலோ

சாம் சித்தப்பா: மஸ்கட்ல இருக்கிறவனுக்கு மஸ்கோத் அனுப்ப மாட்டீங்க

தங்கராஜ் பெரியப்பா: ஜெபா மகளே, நீ பயப்பட வேண்டியதே இல்லை. விடுமுறை வேதாகமப் பள்ளி என்பது இன்னைக்கு நேத்து வந்ததில்லை. 1898ல நியூயார்க்ல ஹாவ்ஸ்னு ஒரு அம்மா, லீவுல பிள்ளைங்க தெருவுல சும்மா சுத்துறத பாத்துட்டு, கூட்டி உக்கார வைக்க இடம் கிடைக்காம கடைசியில ஒரு பீர் கடைய வாடகைக்கு எடுத்து அதுல நடத்தினாங்க. அதுக்கப்புறம் 1901ல பாவில்னு ஒரு போதகர் அதை எடுத்து ஊர் முழுக்க பரப்பினாரு. பாட்டு, கதை, கைவேலை எல்லாம் அப்பவே உண்டு. ஆகவே இடமோ வசதியோ பெரிசு இல்லை, நோக்கம்தான் பெரிசு. நான் தலைமையாசிரியரா இருந்தப்ப

சாம் சித்தப்பா: பீர் கடையா

டேனி: பீரா???

சாம் சித்தப்பா: அண்ணே இத எனக்கு சின்ன வயசுலயே சொல்லியிருந்தா ஒரு நாள் லீவு போடாம வந்திருப்பேன்

செல்வி அத்தை: சின்னப் பிள்ளைக இருக்க குரூப்பு இது. ரெண்டு பேரும் வாய மூடுங்க

தங்கராஜ் பெரியப்பா: வரலாறு சொன்னேன் செல்வி

செல்வி அத்தை: ஏட்டி ஜெபா நீ எதுக்கு பதறுத. நான் இருவது வருசம் விபிஎஸ்க்கு அடுப்படி பாத்தவ. பிள்ளைக்கு வயிறு நெறஞ்சா பாட்டு தானா வரும். கலர் பவுடர் கலக்கி குடுக்காத, தொண்டை கட்டும். நன்னாரி சர்பத் போடு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு. ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் கடலை மிட்டாய், ஒரு நாள் அவிச்ச கிழங்கு. சமோசா வாங்கினா கமிட்டி குடுக்க மூவாயிரம் ரெண்டு நாள்ல காலி

ஜெபா: சரி அத்தை 🙏 ஆனா சர்பத் கலக்க பெரிய பாத்திரம் இல்ல. கோயில் அண்டா ஓட்டையாம்

செல்வி அத்தை: உங்க ஆச்சி அண்டா இருக்கே

செல்வி அத்தை: எங்க இருக்குன்னு இருக்கவங்களுக்குத் தெரியும்

அம்மா: 🙏

ராணி சித்தி: செல்வி மைனி, அண்டா எங்க வீட்டு மாடியில பத்திரமா இருக்கு. யாரும் தூக்கிட்டு ஓடல. அத்தை அடக்கத்தன்னைக்கு கழுவி வைக்க ஆளில்லன்னு நான்தான் கொண்டு வந்தேன்

செல்வி அத்தை: நான் யாரையும் ஒண்ணும் சொல்லலியே

சாம் சித்தப்பா: ஆஹா

பியூலா அக்கா: ஜெபா, அண்டாவ அவங்க பாத்துக்கட்டும். நீ என்ன கேளு. நான் இங்க சண்டே ஸ்கூல்ல படுற பாட்டுல சொல்றேன். முதல்ல வயசு பிரி. 4 டு 6 தனி, 7 டு 10 தனி, 11க்கு மேல தனி. எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு ஒரே கதை சொன்னா சின்னது தூங்கும் பெருசு ஓடும்

பியூலா அக்கா: ரெண்டாவது, சர்பத் குடிச்சதுக்கு அப்புறம் பாடம் வைக்காத. ஒருத்தனும் கேக்க மாட்டான். பாடம் முன்னாடி, கைவேலையும் விளையாட்டும் பின்னாடி

பியூலா அக்கா: மூணாவது, சாமானே வேண்டாத விளையாட்டு ரெண்டு கைவசம் வச்சுக்கோ. எப்படியும் ஒரு நாள் கரண்ட் போகும், இல்ல கதை சொல்ல வர்றவர் லேட்டா வருவாரு, இருபது நிமிஷம் உன் தலையில விழும்

ஜெபா: அதுதான்க்கா எனக்கு பயமே. அந்த இருபது நிமிஷம்

டேனி: கிளியாந்தட்டு

டேனி: கோடு போட்டா போதும்

தங்கராஜ் பெரியப்பா: அருமையான யோசனை டேனி. ஆனால் கத்திரி வெயில். 11 மணிக்கு மேல பிள்ளைங்கள வெளிய விடக்கூடாது. நம்ம ஊர் தேரி மணல் கால் வைக்க முடியாம கொதிக்கும், பாதி பிள்ளைங்க செருப்பில்லாம வரும். வெளிய ஆடுறதா இருந்தா ஒன்பதரைக்குள்ள, கோயிலுக்கு கிழக்கால வேப்பமர நிழல்ல

சாம் சித்தப்பா: அந்த வேப்பமரம் இன்னும் நிக்கா

அம்மா: ஆரம்பிச்சிட்டாரு

சாம் சித்தப்பா: ஜெபா உனக்கு தெரியாதுல்ல, இந்த தலைமையாசிரியர்தான் அந்த வருசம், இயேசுவ பாக்க மரத்துல ஏறின குள்ளன் சகேயு நாடகம் போட்டாரு. நான் குள்ளமா இருந்தேன்னு என்னைய சகேயு ஆக்கினாரு. காட்டத்தி மரத்துக்கு வேப்பமரம். ஏறுன்னாரு ஏறினேன். சகேயுவே சீக்கிரமா இறங்கி வான்னு சொல்லணும், அதுக்கு முன்னாடியே வந்துட்டேன்

ராணி சித்தி: 😂😂😂

தங்கராஜ் பெரியப்பா: கீழ்க் கிளையில உக்காருன்னு தெளிவா சொன்னேன். நீ மேல போயி ஜனங்களுக்கு கை காட்டின

சாம் சித்தப்பா: கையில இன்னும் வலி இருக்கு அண்ணே, மழைக்காலத்துல

செல்வி அத்தை: அன்னைக்கு கட்டு போட கூட்டிட்டுப் போனது நான். அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. வீடு பிரதிஷ்டைக்கு என்னைய கூப்பிடவே ஞாபகம் இல்லாதவங்க

தங்கராஜ் பெரியப்பா: செல்வி, கார்டு வீட்டுக்கு வந்து கொடுத்தோம்

செல்வி அத்தை: கார்டு வந்துச்சு. போன் வரல

ஜெபா: அத்தை ப்ளீஸ் 😭 பெரிய பசங்கள என்ன பண்றது, யாராச்சும் சொல்லுங்க. 12, 13 வயசு பசங்க பன்னெண்டு பேரு இருக்காங்க. போன வருசம் ஷீலா டீச்சர் பேசும்போது பின்னாடி நின்னு அவங்கள மாதிரியே பேசி காட்டினாங்களாம். நான் மைக்க புடிச்சா கையே நடுங்கும். அவங்க ஆக்ஷன் சாங்குக்கு கை கூட தூக்க மாட்டாங்க. அவங்கள நினைச்சாதான் வயித்த கலக்குது

பியூலா அக்கா: அவங்கள மாணவனா வச்சா தொல்லை. வேலைக்காரனா வச்சா தங்கம். ரெண்டு பேர் அட்டெண்டன்ஸ், ரெண்டு பேர் சவுண்ட் சிஸ்டம், ரெண்டு பேர் தண்ணி கேன், நாலு பேர் சின்னப் பிள்ளைங்களுக்கு செருப்பு அடுக்க வைக்கிறது. மொத நாளே பேர் எழுதி ஒட்டிரு. மிமிக்ரி பண்றான்ல, அவன்தான் உனக்கு ரொம்ப முக்கியம், நாடகத்துல அவனுக்கு பெரிய வேஷம் குடு

பியூலா அக்கா: அப்புறம் சத்தம் வந்தா நீ மைக்ல கத்தாத. பேச்ச நிறுத்திட்டு சும்மா நில்லு. அது வேலை செய்யும்

சாம் சித்தப்பா: நானும் பெரிய பையனா ஒரு வருசம் உக்காந்தேன். தினம் ஒரு வசனம் சொன்னா ஒரு மிட்டாய். பத்து நாளும் யோவான் 11:35, 'இயேசு கண்ணீர் விட்டார்', மூணே வார்த்தை, அதையே சொல்லி பத்து மிட்டாய் வாங்கினேன்

டேனி: லெஜண்ட்

தங்கராஜ் பெரியப்பா: அதனாலதான் மறுவருசம் சொன்ன வசனத்தையே திரும்பச் சொல்லக் கூடாதுன்னு விதி கொண்டு வந்தோம்

ஜெபா: இத நோட் பண்ணிக்கிறேன் 📝

ராணி சித்தி: டேனி பத்தாம் வகுப்பு ரிசல்ட் எப்ப வருது?

ராணி சித்தி: டேனி?

அம்மா: ஆன்லைன்ல இருந்தான் இப்ப இல்ல

8:51

ஜெபா: கிராஃப்ட்டுக்கு யூடியூப்ல ஒண்ணு பாத்தேன். தெர்மாகோல்ல நோவா பேழை, குளூ கன் வச்சு ஒட்டணும். ஒரு பிள்ளைக்கு 40 ரூபா ஆகுது. 60 பிள்ளைக்கு 2400. கமிட்டி காசு அதுலயே போயிரும்

பியூலா அக்கா: குளூ கன் வேண்டவே வேண்டாம். சூட்டுல ஒரு பிள்ளை விரல வச்சா நீ காலத்துக்கும் பேச்சு வாங்குவ

ராணி சித்தி: (வாய்ஸ் மெசேஜ் 2:14)

டேனி: யாராவது எழுதி சொல்லுங்க, 2 நிமிஷமா

அம்மா: நீ ரிசல்ட் தேதிய எழுதி சொல்லு முதல்ல

அம்மா: சித்தி சொல்றது இதுதான் ஜெபா. ஊர் பூரா பனை நிக்குது, நுங்கு சீசன், வெட்டிப் போடுற ஓலை சும்மா கெடக்கு, நீ எதுக்கு தெர்மாகோல் வாங்குத. ஓலைக் காத்தாடி செய்ய சொல்லு. ரொம்ப குருத்தும் வேண்டாம் முத்தலும் வேண்டாம். ஈர்க்க கிழிச்சு எடுத்துட்டு ஓலைய விரல் அகலத்துக்கு ரெண்டு துண்டா நறுக்கி, ஒண்ணுக்குள்ள ஒண்ண மடக்கி கோர்த்து நடுவுல கருவேல முள்ளு குத்தி, முள்ளோட மறுமுனைய பனமட்ட குச்சியில சொருகணும். முள்ளு இறுக்கமா போயிட்டா சுத்தாது, ஓட்டைய கொஞ்சம் லூசாக்கணும். வேதமணி மாமாகிட்ட சொன்னா பனையேறப் போறப்ப ஒரு கட்டு போடுவாருன்னு சொல்றா

சாம் சித்தப்பா: முள்ளு மட்டும் பெரியவங்க குத்தி குடுங்க. சின்னது குத்திக்கிட்டு அழும்

பியூலா அக்கா: சூப்பர் சித்தி. 0 ரூபா. நறுக்குற கத்தி மட்டும் டீச்சர் கையில இருக்கட்டும். 4 வயசுக்கு காத்தாடிய செஞ்சே குடுத்துரு, கலர் மட்டும் அடிக்கட்டும்

ஜெபா: சித்தி ❤️ இது எனக்கு தோணவே இல்ல

செல்வி அத்தை: ஓலைக் காத்தாடி எங்க அம்மா சொல்லிக் குடுத்தது. எனக்கும் தெரியும்

ராணி சித்தி: அப்ப நீங்களும் வாங்க மைனி, புதன்கிழமை. நான் ஒருத்தி 60 பேருக்கு எப்படி சொல்லிக் குடுப்பேன்

செல்வி அத்தை: பாக்கேன்

தங்கராஜ் பெரியப்பா: கடைசி நாள் ஒரு சுற்றுலா வைக்கலாமே. மெஞ்ஞானபுரம் கோயில் கூட்டிட்டுப் போகலாம். 192 அடி கோபுரம், ஜான் தாமஸ் ஐயர் கட்டினது, பிள்ளைங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். நான் வந்து விளக்கம் சொல்றேன். அப்படியே மணப்பாடு கடற்கரை

பியூலா அக்கா: பெரியப்பா கடல் வேண்டாம். 60 பிள்ளை, 4 டீச்சர். நினைச்சாலே பக்குங்குது

ஜெபா: நானும் வேண்டாம்னு நினைக்கிறேன் பெரியப்பா, சாரி

தங்கராஜ் பெரியப்பா: சரி மெஞ்ஞானபுரம் மட்டும்

அம்மா: வேன் காசு யாரு தருவா

தங்கராஜ் பெரியப்பா: அதை கமிட்டில பேசிக்கலாம்

பியூலா அக்கா: ஜெபா இத மறக்காம செய். கோயிலுக்கு பின்னாடி கிணத்துக்கு இரும்பு மூடி போட்டாங்களா பாரு, இல்லன்னா திங்கக்கிழமைக்குள்ள ஐயர்கிட்ட சொல்லி போட வை. பெரிய பசங்க விபிஎஸ்க்குன்னு சொல்லிட்டு குளத்துக்கு குளிக்க போவாங்க, அதனால 10 மணிக்கு மறுபடி ஒரு அட்டெண்டன்ஸ் எடு. ஒரு டீச்சர் ஒரு பிள்ளைய தனியா ரூமுக்குள்ள வச்சிருக்கக் கூடாது, எப்பவும் ரெண்டு பேர். வீட்டு போன் நம்பர் எழுதிக்கோ. எந்தப் பிள்ளைக்கு வீசிங், எதுக்கு கடலை ஆகாதுன்னு கேட்டு எழுது

செல்வி அத்தை: கடலை ஆகாதா? கடலை மிட்டாய் என்னட்டி பண்ணும். நாங்கல்லாம் அதத் தின்னுதான வளந்தோம்

பியூலா அக்கா: அத்தை சில பிள்ளைங்களுக்கு மூச்சே திணறும்

செல்வி அத்தை: காலம்

ஜெபா: அம்மன் கோயில் தெரு பிள்ளைங்களும் வரோம்னு கேக்குறாங்க

தங்கராஜ் பெரியப்பா: வரட்டும். எப்பவும் வர்ற பிள்ளைங்கதானே. ஆனால் அவங்க அம்மா அப்பாகிட்ட நீயே நேர்ல போயி சொல்லிட்டு வா, பிள்ளைங்ககிட்ட சொல்லி விடாத. அதுதான் மரியாதை

அம்மா: நாளைக்கு சாயங்காலம் நானும் கூட வாரேன்

9:24

டேனி: பெரிய பசங்கள நான் பாத்துக்கவா

ஜெபா: நீயா????

டேனி: மிமிக்ரி பண்றவன் என் கிரிக்கெட் டீம்தான். கிளியாந்தட்டு நான் நடத்துறேன். ஆனா பாட்டுக்கு ஆட மாட்டேன்

ஜெபா: ஆட வேண்டாம் டேனி, நீ வந்தாலே போதும் 🙏🙏

டேனி: யாரும் ரிசல்ட் பத்தி கேக்கலன்னா வரேன்

ராணி சித்தி: நான் கேக்கவே மாட்டேன்பா

செல்வி அத்தை: அண்டாவ யாரு எடுத்துட்டு வருவா, திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு எனக்கு வேணும்

ராணி சித்தி: அத ரெண்டு பேரு தூக்கணும். இவங்க மஸ்கோத் வாங்க போறாங்களே. நீங்க ஆள் அனுப்புங்க

செல்வி அத்தை: நான் ஆள் அனுப்பினா அண்டா எங்க வீட்டுக்கு வந்துரும், அப்புறம் பேச்சு வரும்

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

சாம் சித்தப்பா: ராணி என்ன அழிச்ச

ராணி சித்தி: ஒண்ணுமில்ல கை பட்டுட்டு

அம்மா: விபிஎஸ் முடியிற வரைக்கும் அண்டா கோயில்லயே இருக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்

செல்வி அத்தை: கோயில் அசன விருந்துக்கும் அதுதான வேணும்

அம்மா: அதையும் அப்ப பேசிக்கலாம்

தங்கராஜ் பெரியப்பா: ஜெபா, திங்கக்கிழமை தொடக்க நாள்ல நான் ஒரு இருபது நிமிஷம் பிள்ளைங்களுக்கு விபிஎஸ் வரலாறு சொல்றேன். நேரம் ஒதுக்கிக்கோ

பியூலா அக்கா: பீர் கடையா

ஜெபா: பெரியப்பா 9.22 டு 9.25 தான் காலியா இருக்கு

சாம் சித்தப்பா: 😂😂😂 இவ தேறிட்டா

தங்கராஜ் பெரியப்பா: பத்து நிமிஷம்

ஜெபா: 5

தங்கராஜ் பெரியப்பா: நேர்ல பேசிக்கலாம் மகளே

ராணி சித்தி: மஸ்கோத் கணக்கு இன்னும் வேற யாரும் சொல்லல. அரை கிலோவா ஒரு கிலோவா