ஜிசிசி என்ற சி கம்பைலரை நிறுவியாயிற்று, ஆனால் கமாண்ட் பிராம்ப்ட் அதைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது

கேள்வி:
முதலாண்டு மாணவன். கல்லூரி லேபில் டர்போ சி++ தான், கோடு எழுதி கன்ட்ரோல் எஃப்9 அழுத்தினால் ஓடிவிடும். வீட்டில் விண்டோஸ் 11 லேப்டாப்பில் கமாண்ட் லைனிலேயே பழகலாம் என்று எம்சிஸ்2 (விண்டோஸில் ஜிசிசி போன்ற கருவிகளை நிறுவித் தரும் மென்பொருள்) நிறுவி, அதில் யுசிஆர்டி (விண்டோஸின் சி நூலகம்) வகை ஜிசிசியையும் போட்டேன். நோட்பேடில் ஹலோ.சி எழுதி டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். கமாண்ட் பிராம்ப்டில் ஜிசிசி என்று அடித்தால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று வருகிறது. எம்சிஸ்2 விண்டோவில் அடித்தால் ஜிசிசி வருகிறது, ஆனால் கோப்பு இல்லை என்கிறது. எங்கே தப்பு?

பதில் 1:
இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஜிசிசி இருக்கும் ஃபோல்டர் விண்டோஸுக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். என்விரான்மென்ட் வேரியபிள்ஸில் பாத் (கட்டளைகளை விண்டோஸ் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) என்பதைத் திறந்து, சி டிரைவில் எம்சிஸ்64, அதற்குள் யுசிஆர்டி64, அதற்குள் இருக்கும் பின் (bin) என்ற ஃபோல்டரின் முழு முகவரியைச் சேருங்கள். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள், ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோ பழைய பாத்தையே பிடித்துக்கொண்டிருக்கும், பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான்.

கோப்பு விஷயம்: எம்சிஸ்2 திறக்கும்போது நிற்பது அதன் சொந்த ஹோம் ஃபோல்டரில். ஃபோல்டர் மாற்றும் சிடி (cd) கட்டளையைக் கொடுத்து டெஸ்க்டாப்புக்குப் போக வேண்டும். போனதும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையை அடித்துப் பாருங்கள், நோட்பேட் அதை ஹலோ.சி.டிஎக்ஸ்டி என்று சேமித்திருக்கவும் வாய்ப்பு உண்டு, எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைத்துவிடுவதால் வெளியே தெரியாது.

பதில் 2:
தம்பி, டர்போவை விட்டு வருவது நல்ல முடிவு. ஆனால் லேப் கோடு அப்படியே ஓடாது. திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் (clrscr) வரியை எடுத்துவிடு, வாய்ட் மெயினை இன்ட் மெயின் ஆக்கு. டர்போவில் முழு எண்ணுக்கான இன்ட்டுக்கு 2 பைட் தான், 32767-க்கு மேல் தாங்காது. 8 ஃபேக்டோரியல் 40320 வர வேண்டிய இடத்தில் லேபில் -25216 என்று காட்டும், உன் லாஜிக் தப்போ என்று மண்டையைக் குடைந்துகொண்டிருப்பாய். ஜிசிசியில் இன்ட் 4 பைட், 12 ஃபேக்டோரியல் வரை சரியாக வரும்.

இன்னொன்று, முதல் நாளிலிருந்தே இப்படி அடித்துப் பழகு: ஜிசிசி -டபிள்யூஆல் ஹலோ.சி -ஓ ஹலோ. டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப்பில் ஆம்பர்சேண்ட் (&) விட்டுப்போனால் இந்த -டபிள்யூஆல் தான் எச்சரிக்கும், இல்லாவிட்டால் கம்பைல் ஆகிவிட்டு ஓடும்போது படுத்துவிடும். எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்தால் கம்பைல் ஆகிவிட்டது என்று அர்த்தம். பிழை இருபது வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய், மிச்சத்தில் பாதி தானாகப் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, பாத் சரியாகிவிட்டது. இப்போது வின்மெயின் இல்லை என்று ஏதோ வருகிறது. நான் அப்படி எதையுமே எழுதவில்லையே?

பதில் 1:
அது லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைத்து ஓடும் புரோகிராமாக்கும் கருவி) சொல்வது. உங்கள் கோடில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் மெயின் என்ற ஃபங்ஷன் அதற்குக் கிடைக்கவில்லை, அதனால் விண்டோஸ் புரோகிராம்களுக்கான வின்மெயினைத் தேடுகிறது. மெயின் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள், அது சரியென்றால் நோட்பேடில் கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள், டிஸ்கில் இருப்பது இன்னும் காலிக் கோப்பாக இருக்கலாம்.