ஒய்டிஎம்-4 மாடல் பொம்மை மாதிரியே இருக்கிறது, என்ன செய்யலாம்?

மலைவண்டி:
செங்கோட்டை–புனலூர் பாதை மீட்டர்கேஜாக (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) இருந்த காலத்து ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜினை 1:87 அளவில் 3டி பிரிண்ட் எடுத்து, 12 மி.மீ. தண்டவாளத்தில் நிறுத்தியிருக்கிறேன். அளவெல்லாம் சரி, பெயிண்டும் அடித்தாகிவிட்டது, ஆனாலும் திருவிழாக் கடைப் பொம்மை மாதிரிதான் தெரிகிறது. கைப்பிடிகள் உடம்போடு ஒட்டித் தடியாக வந்திருக்கின்றன. பின்னால் கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வரப்போகிறது, அதற்கு முன்னால் நிற்கிற இன்ஜின் ஒழுங்காக இருக்க வேண்டாமா? எங்கே தொடங்குவது?

ஆரியங்காவு அண்ணாச்சி:
தம்பி, முதலில் அந்தக் கைப்பிடிகளைச் சீவி எடுத்துவிடுங்கள். நிஜக் குழாய் 35 மி.மீ. என்றால் மாடலில் 0.4தான் வரும், அந்த அளவில் பித்தளைக் கம்பி வாங்கி, 0.5 பிட்டால் கையாலேயே துளை போட்டு, உள்பக்கமாக ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வையுங்கள். வெளியே வழிந்தால் எத்தனை பெயிண்ட் அடித்தாலும் தெரியும். முன்னால் தொங்குகிற வேக்குவம் ஹோஸுக்கு (பிரேக் குழாய்) கம்பிமேல் மெல்லிய செம்பு இழையை நெருக்கிச் சுற்றிக் கறுப்படித்தால் போதும், வளையம் வளையமாக அப்படியே வரும்.

மலைவண்டி:
நன்றி அண்ணாச்சி, கம்பி வேலையை இன்றே தொடங்குகிறேன். அழுக்கு எப்படி? உடம்பு முழுக்கக் கறுப்புப் பெயிண்டைத் தண்ணியாகக் கரைத்து ஓட்டலாமா?

தென்மலைக்காரன்:
வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அழுக்குக்கும் ஒரு காரணம் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டால் தூரிகை தானாகச் சரியான இடத்துக்குப் போகும். ஒய்டிஎம்-4 மாதிரி ஆல்கோ வகை இன்ஜினில் நாட்ச் (வேகப்படி) ஏற்றும்போது டீசல் முதலில் பாயும், காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடித்துக் காற்று தருவதற்குக் கொஞ்சம் நேரமாகும், அந்த இடைவெளியில்தான் கரும்புகை. அதனால் கரி புகைப்போக்கியைச் சுற்றியும் கூரைமேலும் மட்டும். மலையிறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்து பறக்கிற இரும்புத் தூள் துருவாகப் படியும், ஆகவே போகிக்கு, அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டத்துக்கு, செம்பழுப்பு. ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் விடுவார்கள், குழாய் வாயில் வெளிறிய தூசி. டீசல் டேங்க் மூடிக்குக் கீழே வழிந்த கறை மட்டும் பளபளப்பாக இருக்கட்டும், மற்றதெல்லாம் மேட். நம் பக்கத்து ஜூன் மழையைக் காட்ட வேண்டுமென்றால் கூரை விளிம்பிலிருந்து நேர்கீழாக மெல்லிய கோடுகள், கூடினால் ஏழெட்டு.

இந்த அழுக்குக்கெல்லாம் சாக் பேஸ்டல் வண்ணக்குச்சியை உப்புத்தாளில் தேய்த்தால் பொடி கிடைக்கும். மேட் வார்னிஷ் தெளித்ததும் அதில் பாதி மங்கிவிடும், அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே தடவுங்கள்.