கடுகண்ணாவையும் றம்பொடையும்: ஓடுகிறவர்கள் கண்டதும் சொல்வதும்

சனிக்கிழமை சைக்கிளில் கொழும்பிலிருந்து கடுகண்ணாவை வழியாகக் கண்டி. ஞாயிறு கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறி, வந்த வழியே கம்பளைக்கு இறக்கம். இந்த முறை புதிதாக வரும் தம்பி தங்கச்சிமார் கூட. அதனால் குழுவில் ஆளுக்கொரு பொறுப்பு எடுப்பவர்கள் தங்கள் இடத்திலிருந்து அடிக்கடி காண்பதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். கணக்கும் காரணமும் இருந்தால் போதும்.

முன்னால் ஓடுபவர்

கியரில் தொடங்குகிறேன். முன்னால் மிதியோடு சுற்றும் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் ஆகப் பெரிய பல்சக்கரத்தில் 28 என்றால் கொழும்பின் மட்டமான காலி வீதியில் குறை தெரியாது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் அந்தக் கியரில் வேகம் மணிக்கு 9.3 கிலோமீற்றர். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். 8 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 175 வாட்ஸ் வேண்டும். அதை மணிக்கணக்கில் கொடுக்க முடியாதவர் மிதியை 45, 40 என்று குறைப்பார். சுமை முழங்காலுக்குப் போகும். பின்பல் 34 ஆனால் அதே 60 சுற்றுக்கு வேகம் 7.7, தேவை 145 வாட்ஸ் அளவு. புசல்லாவைக்கு மேலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களில் பலருக்குக் குறை காலில் இல்லை, பல்லில்தான்.

பின்சக்கரத்துப் பல்லடுக்கில் 11-28 கழற்றி 11-34 (ஆகச் சிறியது 11 பல், ஆகப் பெரியது 34) போடுபவர்கள் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டெரெய்லரின் கூண்டு (இரண்டு சிறு சக்கரத்தைத் தாங்கும் பகுதி) குட்டை வகையா என்று பாருங்கள். குட்டைக் கூண்டுகள் பல 28, 30 பல்லோடு நின்றுவிடும். மற்றது செயின் நீளம். டெரெய்லரில் கோக்காமல் முன் பெரிய பல்லிலும் பின் பெரிய பல்லிலும் செயினைச் சுற்றி, முனைகள் சேரும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். பழைய செயினையே விட்டால், மறதியாகப் பெரிசுக்குப் பெரிசு போட்ட நேரம் டெரெய்லரை இழுத்து முறித்துவிடும்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: முழு வசனம் பேச வரவேண்டும். கடுகண்ணாவை ஏற்றம் சீரானது, திடீரென்று நிமிராது. ஆனால் நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை என்று காலையிலிருந்து ஓடிவந்த காலுக்கு அது கடைசியில் வருகிறது. மாவனல்லை வரை மட்டமென்று நினைத்து ஒருவர் பின் ஒருவராக 32, 33இல் இழுத்து வந்தவர்களுக்குத் கடுகண்ணாவையின் துளைத்த பாறைக்குக் கிட்ட வரும்போது தொடை பிடிக்கும். அதுவரை 26, 27 போதும். வெள்ளவத்தையிலிருந்து 4.30க்குக் கிளம்பினால் பேலியகொடை, கடவத்தை நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம்.

சைக்கிள் திருத்துபவர்

அண்ணா கியரைச் சொன்னார். நான் சைக்கிள்களை ஏற்றும் வேனைச் சொல்கிறேன், ஏனென்றால் வீதியில் உடைவதில் நல்ல பங்கு வேனில் வளைந்தது.

சைக்கிளைச் செயின் உள்ள வலப்பக்கம் கீழே இருக்கப் படுக்க வைத்தால், டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் உள்ளே வளையும். அது இலேசாக வளையவே செய்த உலோகம். மட்டத்தில் ஒன்றும் தெரியாது. ஏற்றம் வந்ததும் ஆகக் கடைசிக் கியருக்குத் தட்டுவார்கள், டெரெய்லர் சக்கரக் கம்பிக்குள் போகும். கம்பி, ஹேங்கர், டெரெய்லர் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். அதனால் வேனிலிருந்து இறக்கியதும் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் மிதித்து எல்லாக் கியரையும் ஓட்டுங்கள். பின்னாலிருந்து பாருங்கள்: டெரெய்லரின் இரண்டு சிறு சக்கரமும் பல்லுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். சரிந்திருந்தால் அன்றைக்குக் கடைசி இரண்டு கியரையும் தொடாதீர்கள். ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு. மலையில் கடைக்குக் கடை தேடி அலைய முடியாது, உங்களுடையதில் ஒன்றை இருக்கைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டோ மடித்த மட்டையோ வையுங்கள். வேனுக்குள் யாராவது பிரேக்கை அமத்தினால் பட்டைகள் கிட்ட வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரத்தின் டிஸ்க் தட்டு உள்ளே போகாது.

பட்டையின் தேயும் பகுதி 0.5 மில்லிமீற்றர் என்பது மாற்றியே ஆகவேண்டிய எல்லை. மலைக்கு வருபவர் 1 மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுங்கள். ரெசின் (பிசின் சேர்த்த மென்மையான) பட்டை மழையும் மணலும் சேர்ந்த நீண்ட இறக்கத்தில் ஒரு மத்தியானத்திலேயே கரைந்து போகக்கூடும். மழைக்காலத்துக்கு உலோகப் பட்டைதான் என் தெரிவு. சத்தம் போடும், ஆனால் நிற்கும். ஒன்று, தட்டும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். சில தட்டுகளில் ரெசின் மட்டும் என்று பொறித்திருக்கும். ரிம் பிரேக்காரர்கள் ரப்பரில் மினுங்கும் அலுமினியப் பொட்டுகளைக் குண்டூசியால் தோண்டி எடுங்கள். அவைதான் ரிம்மை அரம்போல் தின்கின்றன.

காற்று: 28 மில்லிமீற்றர் டயருக்கு, 70 கிலோ ஆளுக்கு 75 பி.எஸ்.ஐ. அளவு. நனைந்த வீதி என்றால் 5 குறையுங்கள். இறுக்கமாக 100 அடித்துக்கொண்டு வருபவரின் சக்கரம்தான் ஈர வளைவில் துள்ளி வழுக்குகிறது.

சாப்பாடும் தண்ணீரும் பார்ப்பவர்

மணிக்கு அரை லீற்றரிலிருந்து முக்கால் லீற்றர், தாகம் வருமுன். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு போனால் வியர்வையில் போகும் உப்பு திரும்பாது. ஜீவனீ (தண்ணீரில் கரைக்கும் உப்புச் சீனித் தூள்) பக்கெட் ஒன்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், குறைத்துக் கரைக்காதீர்கள், வயிறு பிரட்டும். மாச்சத்து மணிக்கு 30 முதல் 60 கிராம்: நடுத்தர வாழைப்பழம் ஒன்று ஏறத்தாழ 25 கிராம். கஜுகமவில் கஜு வாங்கலாம், ஆனால் ஏற்றத்துக்கு முன் தின்னாதீர்கள். கொழுப்பு மெல்லத்தான் செமிக்கும். மீன் பணிஸும் அப்படியே. இடியப்பம், பாண், சீனி போட்ட பிளேன் டீ நல்லது. கேகாலையில் செவ்விளநீர் வாங்கிக் குடிக்கலாம்.

வாலில் வருபவர்

எல்லாரும் ஏற்றத்துக்குத்தான் ஆயத்தம் செய்கிறார்கள். விழுவது இறக்கத்தில். அதனால் இதை நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நேரம். நுவரெலியா 1,868 மீற்றர். கம்பளையிலிருந்து உயர்வு 1,400 மீற்றர் அளவு. நடுவில் இறங்கி ஏறுவதும் உண்டு. 5.30க்குத் தொடங்கினால் நிதானமாக ஓடுபவர் பதினொன்றரைக்கு மேலே வரலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு மழை கொட்டும். ஆகவே பன்னிரண்டரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். முதல் நாள் இரவே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படி. செம்மஞ்சள் வந்தாலே பயணத்தை நிறுத்திவிட வேண்டும். வேனுக்குக் கட்டிய முற்பணத்தைப் பார்த்து இதில் இழுபடாதீர்கள்.

உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஏறி வேர்த்த சட்டையோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் விறைத்து பிரேக் பிடிக்க வராது. காற்று புகாத மெல்லிய ஜக்கெட் கட்டாயம் வேண்டும். மறந்தவர் தமிழ்ப் பேப்பர் ஒன்றை வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே வைக்கட்டும், உண்மையாகவே உதவும்.

பிரேக்கை இறக்கம் முழுதும் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். டிஸ்க்கில் எண்ணெய் கொதித்தால் பிடி கைப்பிடி வரை வரும். வளைவுக்கு முன், சைக்கிள் நேராக இருக்கையில், இரண்டையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, வளையுங்கள். வெளிப்பக்க மிதி கீழே, பார்வை வளைவு முடியும் இடத்தில். மழையில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்குப் பிடிக்காது. தண்ணீரைத் துடைக்க முன்கூட்டியே மெல்லத் தொட்டு எடுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பஸ், லொறி டாங்கியிலிருந்து டீசல் சிந்தியிருக்கும். ஈரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் அந்த இடத்தில் பிரேக்கும் வேண்டாம், சாயவும் வேண்டாம். வெள்ளைக் கோடும் பூனைக்கண்ணும் அப்படித்தான். இடப்பக்கம் திறந்த கான். விளிம்பை ஒட்டி ஓடினால் ஹோர்ன் சத்தத்துக்குத் திடுக்கிட்டு ஒதுங்கவே இடமிராது. ஒரு மீற்றர் உள்ளே ஓடுங்கள். மரக்கறி லொறி மேலேறி வரும்போது உள்வளைவில் பாதி வீதியையும் எடுக்கும், நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள்.

றம்பொடைச் சுரங்கம் 225 மீற்றர்தான். ஆனால் வெயிலிலிருந்து நுழையும் சாரதியின் கண்ணுக்கு முதல் சில நொடி ஒன்றும் தெரியாது. பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள்.

ஆறு பேருக்கு மேல் ஒரு வரிசை வேண்டாம், வரிசைக்கு நடுவே பஸ் ஒன்று நுழைந்து நிற்க இடம் விடுங்கள். இறக்கத்தில் ஆளுக்கு ஆள் 20 மீற்றருக்குக் குறையக் கூடாது, ஈரத்தில் அதைவிடக் கூட. சேரும் இடங்கள்: துளைத்த பாறை, புசல்லாவை நகரம், றம்பொடை ஆஞ்சநேயர் கோயில், லபுக்கலை. முன்னால் வந்தவர்கள் வாலில் வருபவரைக் கண்ட பிறகுதான் நகரலாம். கடைசியாக வந்தவர் இரண்டு நிமிடமாவது மூச்சு வாங்கட்டும். அவர் வந்ததும் எல்லாரும் கிளம்பினால் அவருக்கு ஓய்வே கிடைக்காது.

யாரும் விழுந்தால் இரண்டு பேர் மேலும் கீழுமாக வளைவுக்கு அப்பால் போய் வாகனத்தை மறியுங்கள். தலையோ கழுத்தோ நொந்தால் ஆளைத் தூக்காதீர்கள், தலைக்கவசத்தையும் இழுக்காதீர்கள். 1990 என்ற எண்ணுக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசம். இடம் கேட்பார்கள், வீதியோரக் கிலோமீற்றர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள். கல் தெரியாவிட்டால் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் கேளுங்கள்.

சைக்கிள் திருத்துபவர், மீண்டும்

ஒன்று விட்டுப்போச்சு. கம்பளையில் வேனில் ஏற்றுமுன் தட்டில் கை வைக்காதீர்கள், சுடும், விரல் எண்ணெயும் ஒட்டும். செயினுக்கு எண்ணெய் தெளிப்பதும் அங்கே வேண்டாம், தட்டில் ஒரு துளி பட்டால் பட்டையையே மாற்ற வேண்டி வரும். வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு கணுவுக்கு ஒரு துளியாக விடுங்கள்.